மூடியைத் திறக்காமல் ரேம் வாங்கிய கதை

லேப்டாப்பில் ரேம் மாற்றுவது அரை மணி நேர வேலை என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். எனக்கு அது 3 வாரம் இழுத்தது. முதலில் வாங்கிய 2 ஸ்டிக்குகளில் ஒன்றைக்கூடக் கடைசியில் பயன்படுத்தவில்லை. திருப்பி அனுப்பியபோது பாக்கெட் பிரித்திருக்கிறது என்று விலையில் கால் பங்கைப் பிடித்துக்கொண்டார்கள், கூரியர் செலவும் என் தலையில். பணம் போனதைவிட எரிச்சல் என்னவென்றால், நான் செய்த தவறுகளில் ஒன்றுகூடப் பெரிய தொழில்நுட்பச் சிக்கல் இல்லை. பத்து நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் யாரும் இல்லை.

லேப்டாப்பில் இருந்தது 8 ஜிபி. பிரவுசரில் இருபது டேப், பக்கத்தில் ஒரு பெரிய எக்செல் ஃபைல் திறந்தால் மவுஸ் நகரவே யோசிக்கும். ரேம் போதவில்லை என்று முடிவு கட்டினேன். அந்த முடிவு தற்செயலாகச் சரியாக இருந்தது, ஆனால் நான் சோதித்துப் பார்க்கவில்லை. சோதிப்பது எளிது. வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்கி, ‘கமிட்டெட்’ என்ற எண்ணைப் பாருங்கள், திறந்திருப்பவை எல்லாம் சேர்ந்து கேட்கும் மெமரி அது. உங்கள் ரேம் 8 ஜிபி, கமிட்டெட் எண் சாதாரணமாகவே 12, 13 என்று நிற்கிறது என்றால் ரேம் கூட்டினால் பலன் தெரியும். 6, 7க்குள்ளேயே இருக்கிறது, அப்படியும் மெதுவாக ஓடுகிறது என்றால் கோளாறு வேறெங்கோ. பெரும்பாலும் உள்ளே இன்னும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும். அப்படியானால் முதலில் எஸ்எஸ்டி போடுங்கள், ரேம் அப்புறம். இன்னொன்று: விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை. பழைய லேப்டாப்களில் இதையும் பார்த்துவிட வேண்டும்.

என் முதல் சறுக்கல் அதே டாஸ்க் மேனேஜர் பக்கத்தில்தான். அங்கே வேகம் 3200 என்றும், ஸ்லாட் 2ல் 2 பயன்பாட்டில் இருக்கிறது என்றும் காட்டியது. சரி, இரண்டு 4 ஜிபி ஸ்டிக் இருக்கிறது, இரண்டையும் கழற்றிவிட்டு 16 ஜிபி வீதம் இரண்டு போட்டால் 32 என்று கணக்குப் போட்டு, ஜோடியாக விற்கும் 32 ஜிபி கிட் ஒன்றை ஆர்டர் செய்தேன். பார்சல் வந்து, அடிமூடியைத் திறந்து பார்த்தால் இருப்பது ஒரே ஒரு ஸ்லாட். இன்னொரு ஸ்லாட்டைத் தேடி ஃபேனுக்கு அடியிலெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் தகரத் தகடு ஒன்று மூடியிருந்தது. அதன் ஓரத்தை மெல்ல நெம்பினால், அடியில் மதர்போர்டிலேயே பற்றவைத்த நான்கு கருப்புச் சில்லுகள். அதுதான் அந்த ‘இரண்டாவது ஸ்டிக்’. போர்டில் சாலிடர் செய்த ரேமையும் விண்டோஸ் ஒரு ஸ்லாட் என்றே எண்ணுகிறது. பொய் சொல்லவில்லை. பயாஸ் (லேப்டாப்பைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே ஆர்டர் போடுவதற்கு முன்னால் மூடியைத் திறந்து பார்த்துவிடுவதுதான் உத்தமம். திறக்கத் தயக்கமாக இருந்தால், லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள முழு மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுங்கள். விளம்பரத்தில் வரும் பெயர் போதாது. ஒரே பெயரில் ஒவ்வொரு வருடமும் வேறு வேறு போர்டு வரும், ஒரே வருடத்திலேயே விலை குறைந்த மாடலில் ஒரு ஸ்லாட்டும் கூடியதில் இரண்டும் இருக்கும். மேனுவலில் ரேமைக் கழற்றும் படம் இருக்கிறதா, எத்தனை ஸ்லாட், போர்டிலேயே எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று மூன்று நான்கு விஷயங்கள்தான் பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று வந்தால் அது சாலிடர் செய்தது. ஆனால் ‘எஸ்ஓடிம்’ (லேப்டாப்பில் செருகும் ஸ்டிக்) என்று வந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். சில லேப்டாப்களில் சாலிடர் ரேமுக்கும் அதே பெயர்தான் காட்டும்.

எல்பிடிடிஆர் என்ற எழுத்துகளை எங்கே பார்த்தாலும் அங்கேயே நின்றுவிடலாம். எல்பிடிடிஆர்3, 4எக்ஸ், 5, 5எக்ஸ் எல்லாம் மெலிந்த லேப்டாப்களில் போர்டோடு ஒட்டி வருபவை, வெளியே வாங்கிச் செருக இடமே கிடையாது. எல்பிகேம்2 என்று கழற்றி மாட்டக்கூடிய ஒரு புது வடிவம் வந்திருக்கிறது, ஆனால் இப்போதைக்கு மிகச் சில மாடல்களில்தான். ஆப்பிளின் ரெட்டினா மேக்புக் ப்ரோக்களில் 2012லிருந்தே சாலிடர்தான். 2020ல் வந்த எம்1 ப்ராசஸரிலிருந்து ரேம் ப்ராசஸரோடு ஒரே பேக்கேஜில் உட்கார்ந்துவிட்டது. இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையிலும் அதே கதை, 16 அல்லது 32, வாங்கும்போது எதைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதுதான் கடைசிவரை.

ஸ்லாட் இருப்பது உறுதியான பிறகு அடுத்தது ரேமின் தலைமுறை, அதாவது டிடிஆர்க்குப் பின்னால் வரும் எண். இதில் ஸ்லாட் விட்டுக்கொடுக்கவே கொடுக்காது. டிடிஆர்3 ஸ்டிக்கில் 204 பின், டிடிஆர்4ல் 260, டிடிஆர்5ல் 262. நடுவில் இருக்கும் வெட்டுப்பள்ளமும் ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும், அதனால் மாற்றிச் செருகவே முடியாது. செருக முடியவில்லை என்றால் அழுத்தாதீர்கள், ஸ்லாட்தான் உடையும். லேப்டாப்புக்கு வேண்டியது எஸ்ஓடிம், அதாவது டெஸ்க்டாப் ஸ்டிக்கில் பாதி நீளம் உள்ளது. டெஸ்க்டாப் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின். ஆன்லைனில் அவசரத்தில் ஆர்டர் போடும்போது லேப்டாப் ஸ்டிக்கையும் டெஸ்க்டாப் ஸ்டிக்கையும் மாற்றி வாங்குபவர்கள் நிறைய. ஒரு தலைமுறை ப்ராசஸர் இரண்டு வகை ரேமையும் ஏற்கும் என்பதும் குழப்பத்துக்குக் காரணம். இன்டெல்லின் 6ஆம் தலைமுறை டிடிஆர்3எல், டிடிஆர்4 இரண்டையும் ஏற்கும், 12ஆம் தலைமுறை டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். ஆனால் உங்கள் போர்டில் இருக்கும் ஸ்லாட் ஒன்றைத்தான் ஏற்கும். ப்ராசஸர் பெயரை மட்டும் வைத்து ரேம் வாங்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. டிடிஆர்3க்கும் டிடிஆர்3எல்லுக்கும் பின்னும் பள்ளமும் ஒன்றுதான், வோல்டேஜ்தான் வேறு: முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35. எல் உள்ள ஸ்டிக் பொதுவாக 1.5 வோல்டிலும் ஓடும். 1.35 மட்டும் கொடுக்கும் லேப்டாப்பில் வெறும் டிடிஆர்3ஐப் போட்டால் திரையே வராது. ஸ்லாட்டில் அழகாக உட்காரும், அதனால் ரேம் தப்பு என்று சந்தேகமே வராமல் வேறு எதையெல்லாமோ கழற்றிக்கொண்டிருப்போம். அதே காலத்து இன்டெல் 4ஆம் தலைமுறை லேப்டாப்களில் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபிதான் எல்லை. 16 ஜிபி டிடிஆர்3எல் ஸ்டிக் சந்தையில் இருக்கிறதே என்று வாங்கினால் அதிலுள்ள அடர்த்தி கூடிய சில்லுகளை அந்த ப்ராசஸர் படிக்காது.

என் கதைக்கு வருகிறேன். ஸ்லாட் ஒன்றுதான் என்று தெரிந்ததும், சரி, ஒரு ஸ்டிக்கையாவது போடுவோம், போர்டில் 4, ஸ்லாட்டில் 16, மொத்தம் 20 என்று மனதைத் தேற்றிக்கொண்டு போட்டேன். ஓடியது. டாஸ்க் மேனேஜரில் வேகம் மட்டும் 2666 என்று காட்டியது. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 3200 என்று போட்டிருக்கிறதே! முன்பு இருந்த 4 ஜிபி ஸ்டிக்கே 3200ல் ஓடியதே! பயாஸை அப்டேட் செய்தேன், பயாஸுக்குள் ஒவ்வொரு மெனுவாகத் துழாவினேன், ஸ்டிக்கைக் கழற்றி மாட்டினேன். இரண்டு நாள் இதிலேயே போயிற்று.

காரணம் ஸ்டிக்கிலேயே இருந்தது. நான் வாங்கியது கேம் விளையாடுகிறவர்களுக்கென்று விற்கும் வகை. பெட்டியில் போட்ட 3200 என்பது எக்ஸ்எம்பி வேகம், 1.35 வோல்டில், சிஎல் 16ல் (சிஎல் என்பது கேட்டதைக் கொடுக்க ரேம் எடுக்கும் தாமதத்தின் எண்). எக்ஸ்எம்பி என்பது பயாஸில் போய் இயக்கினால்தான் வரும் கூடுதல் வேகம். பெரும்பாலான லேப்டாப்களின் பயாஸில் அந்த வசதியே கிடையாது. அப்போது ஸ்டிக் தன் சொந்த ஜெடெக் வேகத்துக்கு, அதாவது ரேம் தரநிலை அமைப்பு வகுத்த வேகத்துக்கு, இறங்கிவிடும். என்னுடையதில் அது 2666. ஸ்லாட்டில் உள்ளது 2666 என்றால் போர்டில் உள்ள 4 ஜிபியும் அதற்கு இறங்கித்தான் ஓடும், ஏனென்றால் கலந்து போட்டால் எல்லாம் மெதுவானதன் வேகத்துக்கே வரும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் எஸ்பிடி என்ற தாவலைத் திறந்தால் இது கண்ணாடிபோலத் தெரியும்: ஜெடெக் வேகங்கள் தனி நெடுவரிசைகளாகவும் எக்ஸ்எம்பி தனியாகவும் இருக்கும். அங்கே காட்டும் அதிர்வெண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும், 1333 என்றால் 2666, 1600 என்றால் 3200. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டுமென்றால் விற்பனைப் பக்கத்தில் வோல்டேஜையும் சிஎல்லையும் பாருங்கள். டிடிஆர்4 3200க்கு 1.2 வோல்ட், சிஎல் 22 என்று இருந்தால் அது எந்த அமைப்பும் தேவையில்லாத ஜெடெக் ஸ்டிக். 1.35 வோல்ட் என்று கண்டால் லேப்டாப்புக்கு வேண்டாம் என்று தள்ளிவிடுங்கள். சிஎல் எண் குறைந்தால் நல்லது என்று படித்து வைத்திருந்ததுதான் என்னைக் கவிழ்த்தது. டிடிஆர்5க்கு இதே கணக்கு 1.1 வோல்ட்.

வேகம் 2666க்கு இறங்கினால் குடி முழுகிப் போகுமா? இல்லை. 3200 என்பதை 8ஆல் பெருக்கினால் நொடிக்கு 25,600 மெகாபைட், 2666க்குச் சுமார் 21,300. ஆறில் ஒரு பங்கு குறைகிறது. கடிதம் தட்டுவதிலும் பிரவுசரிலும் இதை யாரும் உணர மாட்டார்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ரேமையே பங்குபோடும் லேப்டாப்பில் வீடியோ எடிட்டிங், கேம் என்று போனால் தெரியும். எனக்கு உறுத்தியது வேறு: வேலைக்கு ஆகாத கூடுதல் வேகத்துக்கு அதிக விலை கொடுத்து, கையில் இருந்த வேகத்தையும் குறைத்துக்கொண்டோமே என்பதுதான்.

இந்தப் பெருக்கல் ஸ்டிக்கின் லேபிளைப் படிக்கவும் உதவும். சிலர் பிசி4-25600 என்று போடுவார்கள், சிலர் பிசி4-3200ஏஏ என்று போடுவார்கள், இரண்டும் ஒன்றே. பழைய ஸ்டிக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ‘8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ-எஸ்ஏ2-11’ என்பதுபோல ஒரு வரி இருக்கும். முதலில் அளவு. ஆர்க்கு முன்னால் இருப்பது ரேங்க், அதாவது சேர்ந்து இயங்கும் சில்லுக் கூட்டங்கள் எத்தனை என்பது, எக்ஸ்க்குப் பின்னால் இருப்பது ஒவ்வொரு சில்லின் அகலம், அதாவது அது ஒரே தடவையில் தரும் பிட். பிசி4 என்றால் டிடிஆர்4. அடுத்து வேகம். கோட்டுக்குப் பிறகு வரும் எஸ் என்ற எழுத்து இது எஸ்ஓடிம் என்று சொல்கிறது, டெஸ்க்டாப் ஸ்டிக் என்றால் அங்கே யு இருக்கும். இந்த ஒரு வரியைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் கடையில் யாரும் உங்களைக் குழப்ப முடியாது. இதில் மக்கள் கவனிக்காமல் விடுவது எக்ஸ்8ஆ எக்ஸ்16ஆ என்பதை. டிடிஆர்4 எக்ஸ்16 ஸ்டிக்கில் நான்கே சில்லுகள்தான், விலை குறையும். ஆனால் உள்ளே பேங்க் குழுக்கள் (மாறி மாறி வேலை செய்யும் மெமரிப் பகுதிகள்) எக்ஸ்8ல் இருப்பதில் பாதி, அதனால் அதே 3200 என்றாலும் கொஞ்சம் பின்தங்கும். ஓடாமல் போகாது. இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் எக்ஸ்8ஐ எடுங்கள், அவ்வளவுதான். இசிசி (பிழை திருத்தும் வகை) என்று போட்ட ஸ்டிக்குகள் ஒர்க்ஸ்டேஷன் வகைக்கானவை, பழையதாக மலிவாகக் கிடைத்தாலும் சாதாரண லேப்டாப்புக்கு வேண்டாம்.

கலந்து போடலாமா என்ற கேள்விக்கு வருவோம், ஏனென்றால் என்னைப்போல் 4 போர்டில் ஒட்டியிருப்பவர்களுக்கு வேறு வழியே இல்லை. பிராண்ட் வேறாக இருக்கலாம், அளவும் வேறாக இருக்கலாம். 4ம் 16ம் சேர்ந்தால், இன்டெல்லில் 4க்கு 4 ஜோடி சேர்ந்து 8 ஜிபி வரை இரட்டைச் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதையில், ஓடும், மிச்சம் 12 ஒற்றைச் சேனலில். போர்டில் 8 இருப்பவர் ஸ்லாட்டிலும் 8 போட்டால் முழுவதும் இரட்டை. இரண்டு ஸ்லாட் காலியாகக் கிடைப்பவர் ஒரே 16 வாங்குவதைவிட இரண்டு 8 வாங்கினால் கிராஃபிக்ஸ் நன்றாக ஓடும், ஆனால் பின்னால் கூட்ட நினைத்தால் இரண்டையும் கழற்ற வேண்டும். என் அபிப்பிராயம் கேட்டால், சேனல் கணக்கைவிட மொத்த அளவுதான் முக்கியம். ரேம் போதாமல் டிஸ்க்குக்குப் போகும் லேப்டாப்பின் மந்தத்தோடு ஒப்பிட்டால் ஒற்றைச் சேனல் இழப்பு ஒன்றுமே இல்லை. டிடிஆர்5ல் 24, 48 ஜிபி ஸ்டிக்குகளும் வருகின்றன. அவற்றை வாங்குவதாக இருந்தால் பயாஸை முதலில் அப்டேட் செய்துவிடுங்கள், பழைய பயாஸ் அவற்றை அடையாளம் காணாமல் போகலாம்.

இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகு இரண்டாவது முறை 16 ஜிபி, 1.2 வோல்ட், சிஎல் 22, 3200 என்று பார்த்து ஒன்றே ஒன்று வாங்கினேன். மாட்டி, பவர் பட்டனை அழுத்தினால் கருந்திரை. ஃபேன் சுற்றுகிறது, கேப்ஸ் லாக் விளக்கு மினுக்குகிறது. உள்ளங்கை வேர்த்துவிட்டது, லேப்டாப்பே போய்விட்டதோ என்று. ஒரு மாலை முழுக்க அணைப்பதும் போடுவதுமாக இருந்து, இரவு பத்து மணிக்குத்தான் ஸ்டிக்கைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். தங்கநிறப் பற்கள் ஒரு பக்கம் மட்டும் ஒரு நூல் அளவு வெளியே தெரிந்தன. முழுவதும் உள்ளே போகவில்லை. பக்கக் கொக்கிகள் பிடித்திருந்ததால் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

மாட்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். சார்ஜரைப் பிடுங்குங்கள். அடிமூடியின் ஸ்க்ரூக்களில் நீளம் வேறுவேறு, அதனால் ஒரு தாளில் மூடியின் படம் வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமான ஸ்க்ரூ இடம் மாறினால் கீபோர்டுப் பக்கம் துருத்தும். ரப்பர் காலுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல் பழைய பிளாஸ்டிக் கார்டால் ஓரமாக வழித்துக்கொண்டு போங்கள். உள்ளே முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. நான் முதல் தடவை இதைச் செய்யவே இல்லை, தப்பித்தது அதிர்ஷ்டம். மின்சாரம் இருக்கும்போது ரேமை அசைத்தால் போர்டே போகக்கூடும். கழற்றிய பின் பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தையும் வடியவிடுங்கள். பூசப்படாத உலோகம் எதையாவது ஒருமுறை தொட்டுவிட்டு, ஸ்டிக்கை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். பள்ளத்தை ஸ்லாட்டின் மேட்டோடு பொருத்தி, சுமார் 30 டிகிரி சாய்வில் பற்கள் மறையும்வரை இரு கட்டைவிரலாலும் சமமாக உள்ளே தள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் கீழே அமுக்க வேண்டும். இரண்டு கொக்கியும் ஒரே நேரத்தில் ‘டிக்’ என்று பிடிக்கும்.

முதல் தடவை போடும்போது திரை வரச் சற்று நேரம் ஆகும், குறிப்பாக டிடிஆர்5ல் சில நிமிடம்கூட. புது ரேமோடு ஒத்துப்போக லேப்டாப் நேரங்களை அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. பதறி அணைக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றியதில் பயாஸ் அமைப்பு மாறி பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவி கேட்கவும் கூடும், அதனால் அந்த 48 இலக்க எண்ணை முன்பே போனிலோ தாளிலோ எடுத்து வையுங்கள். 20 ஜிபி போட்டும் 19 சொச்சம்தான் காட்டுகிறதே என்று கவலை வேண்டாம், மீதியைக் கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்கிறது.

ஓடுகிறது என்பதோடு விட்டுவிடாமல் அன்றிரவே ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86+ஐப் பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து, விடியும்வரை ஓடவிடுங்கள். இரண்டும் இலவசமாகவே கிடைக்கும். குறைந்தது 4 சுற்று. ஒரே ஒரு பிழை சிவப்பில் வந்தாலும், கழற்றி மறுபடி மாட்டி ஒருமுறை ஓட்டுங்கள். மீண்டும் வந்தால் ஸ்டிக்கைத் திருப்பி அனுப்புங்கள். ‘ஒரு பிழைதானே’ என்று விட்டால் என்றோ ஒருநாள் சேமிக்கும் ஃபைல் கெட்டுப்போகும், ரேமைச் சந்தேகிக்கவே தோன்றாது. திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும் என்பதால்தான் அன்றிரவே என்கிறேன்.

கழற்றிய பழைய 4 ஜிபி ஸ்டிக்கை, புதியது வந்த ஆன்டிஸ்டாடிக் உறையிலேயே போட்டு, மேலே லேப்டாப் மாடலும் தேதியும் எழுதி வைத்திருக்கிறேன். வாரண்டியில் சர்வீஸுக்குக் கொடுக்க நேர்ந்தால் புதியதைக் கழற்றிவிட்டு இதை மாட்டித்தான் கொடுக்கப்போகிறேன்.